வண்டிக்குள் கேட்ட குரல்

புதன், இரவு.

காக்கநாட்டில் என்னோடு வேலை செய்யும் சஜீவுடன் மாலை மாடியில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தேன். திடீரென்று போனில் அவன் குரலே இல்லை. கீழே சந்தில் அப்பா புதுக் காரை ஸ்டார்ட் செய்திருந்தார். பேட்டரி இறங்கக் கூடாதென்று தினமும் செய்வதுதான். அந்த வண்டியின் ப்ளூடூத்தில் என் போனை இணைத்துவைத்ததும் நானேதான்! திறந்த ஜன்னல் வழியே, எங்கள் மட்டாஞ்சேரிக்கே கேட்கும்படி, மலையாளம் கலந்த சஜீவின் அரைத் தமிழ்: "நம்ம கல்யாணக் காரியம் அச்சனோட எப்போ பறையும்?"

விழுந்தடித்து இறங்கினேன். அதற்குள் அப்பா ஸ்டியரிங்கைப் பார்த்துப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்: "அச்சன் கேட்டாச்சு மோனே. ஞாயித்துக்கிழமை சாயா குடிக்க வா."

அம்மாவுக்கு இன்னும் தெரியாது. நாளைக்கு அவளையும் வண்டியில் உட்கார வைத்துவிட வேண்டியதுதான்.