ஆன்றோவுக்கு ஒரு பூசை

அப்பா,

இன்று காலை பள்ளிக்கூடம் போகும்போது மழை சாய்த்து அடித்தது. ஆட்டோவின் படுதாவை இறக்கிவிட்டும் பயனில்லை. சீட்டு நனைந்து அந்த வாசனை எழும்பிவிட்டது. ஈர ரெக்சின், பெட்ரோல், என்றோ நீங்கள் ஏற்றி வந்த யாரோ ஒருவருடைய மீன் கூடை, எல்லாம் கலந்த வாசனை. உங்கள் வண்டியை வாங்கிய ராயப்பன் மாமா சீட்டுக்குப் புதிதாகப் பச்சை உறை போட்டிருக்கிறார். உள்ளே இருக்கிற பஞ்சு உங்கள் காலத்துப் பஞ்சுதான். வெயில் நாளில் அது மாமாவின் வண்டி, மழை பெய்தால் உங்கள் வண்டி. மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த நான் கொஞ்ச நேரத்தில் கையை எடுத்துவிட்டேன். நேற்று கோவிலில் நடந்ததை உங்களிடம் சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றியது. அதற்கு முதலிலிருந்து வர வேண்டும். உங்களுக்கும் முதலிலிருந்து சொன்னால்தான் பிடிக்கும்.

நான் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது பள்ளி ஆண்டு மலருக்குக் கதை வேண்டும் என்று தமிழ் மிஸ் கேட்டார்கள். மற்றப் பிள்ளைகள் ராஜா, மந்திரி, பேராசை பிடித்த வியாபாரி என்று எழுதிக் கொடுத்தார்கள். நான் ஆன்றோவை எழுதினேன். குளச்சல் துறைமுகத்தில் படகு எஞ்சின் பழுது பார்க்கிற பையன், பதினெட்டு வயது. எந்த எஞ்சினும் அவன் கை பட்டால் இருமிக்கொண்டாவது எழுந்துவிடும். ஆனால் ஆளுக்கு நீச்சல் தெரியாது. கடலென்றால் பயம். கரையில் ஏற்றி வைத்த படகில் மட்டும்தான் கால் வைப்பான். அதை மறைக்க வாய் நிறையப் பொய் சொல்வான். மலரில் ஒன்றரைப் பக்கத்தோடு அவன் முடிந்திருக்க வேண்டும். எனக்கு விட மனமில்லை. வகுப்பில் மற்றவர்கள் நடிகர்களின் படத்தைப் புத்தக அட்டைக்குள் வைத்திருந்தபோது, நான் இல்லாத ஒருவனின் கிரீஸ் படிந்த விரல்களை நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு அவன்மேல் கொஞ்சம் கிறுக்குத்தான். அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

தினமும் காலையில் நீங்கள் என்னை இரணியல் பக்கம் இருக்கிற பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு, ரயில் நிலைய ஸ்டாண்டுக்குப் போவீர்கள். வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் வரைக்குமான ரோடு ஒரு அத்தியாயத்துக்குச் சரியாக இருந்தது. நான் பின்னாலிருந்து எஞ்சின் சத்தத்துக்கு மேல் கத்திச் சொல்வேன்.

உங்களுக்குக் கதை கேட்கவே தெரியாது அப்பா. நாலு பேரைப்போல "உம்" கொட்டிக் கேட்க வேண்டியதுதானே? "அவன் என்னத்துக்கு அங்க போனான்? போகாண்டாம்னு சொல்லு மக்ளே!" என்று என்னிடம் சண்டைக்கு வருவீர்கள். படகு முதலாளி ஆன்றோவை எல்லார் முன்னாலும் அடித்த அன்று, குளத்தங்கரையில் வண்டியை ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்து, முழுதாகப் பின்னால் திரும்பி உட்கார்ந்தீர்கள்.

"அந்தச் சவத்துக்க பேரென்ன?"

"பேர் வைக்கலப்பா."

"வைக்காண்டாம். அவனுக்கெல்லாம் எதுக்குப் பேரு."

அந்த முதலாளிக்குக் கடைசிவரை பெயர் வைக்கவில்லை. எனக்கு அன்று முதல் பீரியடு போயிற்று.

என்னை இறக்கிவிட்ட பிறகு அதே கதையை நீங்கள் ஸ்டாண்டுக்குக் கொண்டுபோனது எனக்கு வெகு நாள் தெரியாது. மகள் எழுதுகிற கதை என்று முதலில் சொன்னீர்களோ என்னவோ, போகப் போக அவன் அங்கே "நம்ம ஆன்றோ" ஆகிவிட்டான். ரயில் இறங்கி வந்த சவாரிகளிடம்கூட அவன் பாட்டைச் சொல்லி வருத்தப்பட்டிருக்கிறீர்கள்.

பத்தாம் வகுப்பில் இதயம் பாடமாக வந்தது. அறைகள், வால்வு, ரத்தம் போகிற வழி எல்லாவற்றையும் சிவப்பிலும் நீலத்திலும் வரைந்து மனப்பாடம் செய்தேன். இவ்வளவு படித்ததைச் சும்மா விடலாமா? ஆன்றோவின் இதயத்தில் ஒரு ஓட்டை வைத்தேன். மறுநாள் வண்டியில் அதைச் சொன்னதும் நீங்கள் போட்ட பிரேக்கில் என் டிபன் பாக்ஸ் உருண்டு ரோட்டில் விழுந்தது.

"ஏட்டி, உனக்கு மனசில ஈரமே இல்லியா?"

"அடைச்சிரலாம்ப்பா. ஆப்பரேஷன் இருக்கு."

"எப்பம்?"

"இனிதான் எழுதணும்."

"சீக்கிரம் எழுது. அவனை இப்பிடிப் போட்டு வச்சிருக்கக் கூடாது."

நான் எழுதவில்லை. ஆப்பரேஷன் என்றால் சும்மாவா, படிக்க வேண்டும், யோசிக்க வேண்டும் என்று மாதக்கணக்கில் தள்ளிப்போட்டேன். நீங்கள் பொறுமை இழந்தீர்கள். உங்களுக்குத் தெரிந்த வழியில் காரியத்தில் இறங்கினீர்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோவிலில் பூசை தொடங்கும் முன்பு, யார் யாருக்காக வேண்ட வேண்டும் என்று வீட்டுக்காரர்கள் கொடுத்திருந்த கருத்துகளை உபதேசியார் மைக்கில் வாசித்தார். இறந்தவர்களின் ஆன்ம இளைப்பாற்றி, பரீட்சையில் வெற்றி, கல்ஃபில் வேலை கிடைத்ததற்கு நன்றி, எல்லாம் வழக்கம்போல. கடைசியில், "இதய அறுவை சிகிச்சைக்குக் காத்திருக்கும் ஆன்றோ பூரண சுகம் பெற" என்றார். பாட்டுப் புத்தகம் என் கையிலிருந்து விழுந்தது. ஆண்கள் பக்கம் எட்டிப் பார்த்தேன். நீங்கள் கண்ணை மூடிக் கைகூப்பி, அவ்வளவு உருக்கமாக நின்றுகொண்டிருந்தீர்கள்.

குளச்சலில் ஆன்றோ என்று கூப்பிட்டால் தெருவுக்குத் தெரு ஒருவன் திரும்பிப் பார்ப்பான். பூசை முடிந்ததும் யாரோ ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு, பந்து விளையாடிக்கொண்டிருந்த ஒரு தடித்த ஆன்றோவின் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அதுகூடப் பரவாயில்லை. இது யார் கொடுத்த கருத்து என்று கேட்டவர்களிடம் உபதேசியார், நீங்கள் சொல்லிவைத்தபடியே, "அவருக்க மவளுக்கு ரொம்ப வேண்டப்பட்ட பையனாம்" என்று சொல்லிவிட்டார்.

அம்மை என்னை வீட்டு வாசலில் வைத்தே பிடித்துக்கொண்டாள்.

"யாருட்டி அந்த ஆன்றோ?"

"கதையில வாற ஆளும்மா."

"எந்தக் கதையில? எவ்வளவு நாளா நடக்குது?"

அந்த நேரத்தில் நீங்கள் எனக்குத் துணையாக நடுவில் வந்தீர்கள். "நல்ல பையன்தாம்டி. கொஞ்சம் பொய் சொல்லுவான், அவ்வளவுதான்" என்றீர்கள். அதோடு என் காரியம் முடிந்தது. உண்மை விளங்கியபோது அம்மைக்கு இன்னும் கோபம் வந்தது. இல்லாதவனுக்குப் பூசை கொடுத்த குடும்பம் என்று ஊர் சிரிக்கும், இனி அந்தப் பெயரை இந்த வீட்டில் எடுக்கக் கூடாது என்று உத்தரவு போட்டாள். மறுநாள் வண்டியில் நீங்கள் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னீர்கள்: "இல்லாதவன்னு அவ சொல்லட்டு. தினமும் நம்ம கூட வண்டியில வாறான்லியா?"

பதினொன்றாம் வகுப்பில் மாவட்ட அளவில் சிறுகதைப் போட்டி வந்தது. ஆன்றோவின் ஆப்பரேஷனையே எழுதி அனுப்பு, முடிவு மட்டும் கனமாக இருக்கட்டும் என்று மிஸ் சொன்னார்கள். கனம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். முந்தைய வருடங்களில் பரிசு வாங்கிய கதைகளைப் படித்திருந்தேன். கடைசிப் பத்தியில் ஒருவரும் தப்பியது கிடையாது. ஒரு நாள் காலை வண்டியில் சொன்னேன், "அப்பா, ஆன்றோ பிழைக்கமாட்டான்."

பள்ளி வாசலில் வண்டியை நிறுத்தினீர்கள். நான் இறங்கிய பிறகு, "சம்மானம் இல்லன்னா போட்டும் மக்ளே. அவனைக் கொல்லாண்டாம்" என்றீர்கள்.

"கதைக்கு அதுதாம்ப்பா நல்லது."

"கதைக்கு நல்லது கெடக்கட்டு. அவனுக்கு எது நல்லது?"

பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினேன்.

அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை, ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்த நீங்கள் டம்ளரைப் பிடித்தபடியே சாய்ந்தீர்கள். பக்கத்தில் நின்ற ராயப்பன் மாமா உங்கள் வண்டியிலேயே உங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். வகுப்பில் எனக்குச் சேதி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அதைப்பற்றி இங்கே அதிகம் எழுதப் போவதில்லை. நான் அங்கே இல்லை, காணாத காட்சியை எழுதினால் எனக்கு நன்றாக வராது. நான் அழுதேன். இப்போதும் சில நாள் அழுகிறேன்.

ஏழாம் நாள் பூசை முடிந்த மதியம், உறவுக்காரர்கள் முற்றத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, உள்ளறையில் உட்கார்ந்து போட்டிக் கதையை எழுதி முடித்தேன். ஆன்றோவை ஆப்பரேஷன் மேசையிலேயே கொன்றேன். மிஸ் சொன்ன கனத்துக்காக இல்லை. எனக்கு அவன்மேல் கோபம். உயிரோடு இருந்த உங்களுக்காக வேண்டிக்கொள்ள ஒருவருக்கும் நேரம் கிடைக்கவில்லை, இல்லாத அவனுக்கு மைக்கில் பூசை நடந்தது. நீங்கள் போன பிறகு அவன் மட்டும் கையை வீசிக்கொண்டு துறைமுகத்தில் திரிவானா? அடிக்காமல் திருத்தாமல் ஒரே மூச்சில் எழுதினேன். நன்றாகத்தான் வந்திருந்தது. படிக்கிற நடுவர் கட்டாயம் அழுவார் என்று எனக்கே தெரிந்தது.

மறுநாள்தான் கதையைக் கொடுக்கக் கடைசி நாள். ராயப்பன் மாமா கூட்டிப்போக வந்தார். கதை என் பையில் இருந்தது. குளத்தங்கரை வரை மாமா தொண்டையைச் செருமிக்கொண்டே வந்தார். பிறகு கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"மக்ளே, இந்த அமளிக்கெடையில கேக்க விட்டுப்போச்சி. அந்த ஆன்றோ பயலுக்கு ஆப்பரேஷன் முடிஞ்சா?"

நான் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டேன்.

"உனக்க அப்பன் தினமும் அவனைச் சொல்லிச் சொல்லி எங்க உயிரை வாங்குவான். அன்னைக்கும் டீ குடிச்சிட்டே அவன் காரியந்தான் சொல்லிட்டிருந்தான். மவ ஒரு மாதிரி பேசுகா, பய பிழைப்பானோ என்னவோன்னு. அவன் நல்லாயிருக்கானா?"

ஆன்றோ என் கதையில் வருகிறவன் என்று மாமாவுக்குத் தெரியுமா, தெரியாதா? அன்றும் எனக்குத் தெரியாது, இன்றுவரை கேட்டதில்லை. கண்ணாடியில் தெரிந்த அவர் கண்கள் நிஜமாகவே பயந்திருந்தன. நண்பனைத் தன் கையால் தூக்கிக் கொண்டுபோன மனிதர். அவரிடம் இன்னொரு சாவைச் சொல்வதற்கு எனக்கு வாய் வரவில்லை.

"நல்லாயிருக்கான் மாமா. ஆப்பரேஷன் முடிஞ்சி வீட்டுக்கு வந்துட்டான்."

மாமா ஒரு கையை எடுத்துச் சிலுவை போட்டுக்கொண்டார். "உனக்க அப்பன் இருந்திருந்தா இன்னைக்கு ஸ்டாண்டுல ஒக்கப் பேருக்கும் டீ வாங்கித் தந்திருப்பான்" என்றார்.

வாயால் சொல்லியாகிவிட்டது, இனி மாற்ற முடியாது. மதிய இடைவேளையில் சாப்பிடாமல் உட்கார்ந்து, கடைசிப் பக்கங்களைக் கிழித்துப் போட்டு மறுபடி எழுதினேன். அவனைக் கொன்றது சுலபமாக இருந்தது. பிழைத்தவனை எழுதுவதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. கண் விழித்ததும் முதலில் என்ன கேட்பான்? பக்கத்தில் யார் இருப்பார்கள்? ஆன்றோவுக்கு நான் அப்பா வைக்கவில்லை. அதனால் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஓர் ஆட்டோக்காரரை உட்காரவைத்தேன். அவர்தான் அவனை வீட்டுக்குக் கொண்டுவருகிறார். ரோட்டில் பள்ளம் வருகிற இடத்தில் எல்லாம் வண்டியை உருட்டுகிற மாதிரி ஓட்டி, "பைய, பைய" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறார். அதோடு கதையை முடித்தேன்.

பரிசு கிடைக்கவில்லை. முதல் பரிசு வாங்கிய கதையில் தாத்தாவும் செத்துப்போனார், அவர் வளர்த்த நாயும் செத்துப்போனது. எனக்கு வருத்தமே இல்லை என்றால் பொய், இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தேன். ஆனாலும் என் கதைதான் நல்ல கதை. யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன்.

இப்போது நான் பன்னிரண்டாம் வகுப்பு. ஆன்றோ நீச்சல் படிக்கிறான். இடுப்பளவுத் தண்ணீர்வரை வந்துவிட்டு, நடுக்கடலில் நீந்தியதாக ஊரெல்லாம் சொல்லித் திரிகிறான். காலையில் அதை மாமாவிடம் சொல்கிறேன். மாமா உங்களைப்போல வண்டியை நிறுத்துவதில்லை, வேகத்தைத்தான் குறைப்பார். தினமும் நம்மோடு வண்டியில் வருகிறான் என்று அவனைப்பற்றி நீங்கள் சொன்னீர்களே, அந்தக் கணக்கில் உங்களையும் சேர்த்துவிட்டேன். வீட்டில் மட்டும் அம்மையின் உத்தரவு அப்படியே இருந்தது. நான் எழுதும்போது பின்னால் வந்து, தோளுக்குமேல் குனிந்து நெடுநேரம் நிற்பாள். "சோறு ஆறுது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவாள்.

நேற்று உங்களுக்கு ஓராண்டுப் பூசை. கருத்துக் கொடுக்க நான்தான் போனேன். உபதேசியார் உங்கள் பெயரை எழுதிக்கொண்டு, "வேற ஏதாவது உண்டா?" என்றார். சொன்னேன். அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"அந்தப் பையனா? சுகமாயிட்டானா?"

"சுகமாயிட்டான்."

மைக்கில் முதலில் உங்கள் பெயர் வந்தது. அம்மை முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். அடுத்து உபதேசியார், "ஆன்றோ பூரண சுகம் பெற்றதற்கு நன்றியாக" என்று வாசித்தார். நான் அம்மையிடம் சொல்லாமல் கொடுத்திருந்தேன். பக்கத்தில் அவள் விறைத்து நிற்பது தெரிந்தது. வாசலில் வைத்து இன்னொரு தடவை பிடிபடப் போகிறோம் என்று நினைத்தேன். முன்வரிசையில் நின்ற அக்கா ஒருத்தி திரும்பி, குரலைத் தாழ்த்தி, "எந்த ஆன்றோ?" என்று கேட்டாள்.

அம்மை முக்காட்டை விலக்கினாள்.

"எங்க வீட்டு ஆன்றோ" என்றாள்.