மீன்காரம்மா குடிக்காத தண்ணீர்

மார்ச் 6, இரவு. இன்று எழுத வேண்டியவை:

1. செல்வி மயங்கி விழுந்தது.
2. நான் செய்தது.
3. என்மேல் தவறில்லை என்பது.

எங்களுக்கு மீன் கொண்டுவரும் செல்வி, பதினொரு மணி வெயிலில் எங்கள் மந்தைவெளி வீட்டு வாசலில் கூடையோடு சரிந்துவிட்டாள். உடம்பு கொதித்தது, வியர்வையே இல்லை. ஈரத்துண்டு போர்த்தி, ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். சாயங்காலம்தான் பேசினாள். நான் கேட்டேன்:

"தண்ணி குடிக்கலையாம்மா?"

"குட்சா ஒண்ணுக்கு எங்க சார் போறது? உன் வூட்டுக்கா?"

நர்ஸ் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சிறுநீரகம் கெட்டிருக்கலாம் என்கிறார் டாக்டர். மாசியிலேயே இந்த வெயில். சித்திரையை நினைத்தால் பயமாக இருக்கிறது. அப்போதும் அவள் கூடை தூக்கித்தான் ஆகவேண்டும்.

வாசலை ஒட்டியே எங்கள் கழிவறை. பதினைந்து வருடத்தில் ஒருநாளும் அவளை உள்ளே வரச் சொன்னதில்லை. மூன்றாவதாக எழுதியது தவறு.