தங்கை இறுக்கிய மூடிகள்

மார்ச் 3

குளிர்பெட்டியிலிருந்து ரத்தக் குழாய்களை எடுத்தெடுத்து விரல்கள் மரத்துப்போயின. ஐம்பதை நெருங்கும் வயதில் எனக்கு மிச்சமிருக்கும் ஒரே உணர்ச்சி இதுதான் என்று பக்கத்து மேஜைக்காரியிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. என் நகைச்சுவைக்கு இந்த ஆய்வகத்தில் எல்லோருக்கும் எதிர்ப்புச்சக்தி வந்துவிட்டது.

மாலையில் தங்கை வீடு. அவளுக்கு ஆறாம் மாதம். பத்து வருஷமாய் முடக்குவாதத்தில் சாவியைக்கூடத் திருப்ப முடியாதவள், அடுக்களை பாட்டில்களை மேஜையில் பரப்பி, மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

"இங்க பாருக்கா, டக்குனு வருது!"

"காலையில இருந்து இதே வேலைதான் அக்கா," என்றார் மாப்பிள்ளை. "பக்கத்து வீட்ல ஏதாவது மூடி இறுகிப்போயிருக்கான்னு கேட்டு வரச் சொல்றா."

கைதட்டினேன். கைகள் தட்டின. நான் எங்கே இருந்தேன் என்று தெரியவில்லை.

மார்ச் 4

எழுதி வைக்காவிட்டால் தெரியாத மாதிரி நடித்துவிடுவேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியும்.

வயிற்றுப் பிள்ளையில் பாதி மாப்பிள்ளையின் சரக்கு. உடம்புக்கு அது அந்நியம். அடித்து விரட்டத்தான் பார்க்கும். ரத்தத்தில் சில செல்கள் குறுக்கே விழுந்து, "சும்மா இருங்கப்பா" என்று மற்றவற்றை அடக்குகின்றன. கர்ப்ப காலத்தில் இந்தச் சமாதானக்காரர்களின் கை ஓங்குகிறது. முடக்குவாதத்தில் அதே உடம்பு அடித்துக்கொண்டிருந்த மூட்டுகளும் அந்த அமைதியில் பிழைத்துக்கொள்கின்றன என்பது எங்கள் ஊகம். பிள்ளை பிறந்ததும் சமாதானம் கலைகிறது. நிறையப் பேருக்கு வலி திரும்பிவிடுகிறது.

அந்தச் செல்களை எண்ணத்தான் எனக்குச் சம்பளம். ஊர் முழுக்கப் போய் இதைப் பேசியிருக்கிறேன். தங்கையிடம் மட்டும் பேசவில்லை.

ஏப்ரல் 11

குழாய்களில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். யார் ரத்தம் என்று எண்ணுகிறவளுக்குத் தெரியக்கூடாது. ஆய்வில் சேர்ந்தே தீருவேன் என்று தங்கை அடம்பிடித்துச் சேர்ந்தாள். இன்று ஒரு குழாயின் மேல் சிரித்த மூஞ்சி ஸ்டிக்கர்! எங்கள் குடும்பத்தில் இந்தக் கிறுக்கு இரண்டே பேருக்குத்தான். நான் ஒட்டவில்லை.

ஆய்வகத் தலைவர் பார்த்துவிட்டார். சிரித்தால் ஆராய்ச்சிப் பணம் நின்றுவிடும் என்று நம்புகிற மனிதர். "என்னம்மா இது?"

"என் தங்கச்சி சார். இதை நான் எண்ணக்கூடாது."

குழாய் பக்கத்து மேஜைக்குப் போனது. போனில் தங்கையைத் திட்டினேன்.

"நீ எப்பவும் உர்ருன்னு இருப்பியே, அதான் ஒரு நல்ல மூஞ்சியா அனுப்பினேன்."

மே 20

"பிள்ளையை நானே தூக்கணும்க்கா. சட்டைப் பொத்தானெல்லாம் நானே போட்டுவிடணும். யாரையும் கூப்பிடக் கூடாது."

உம் என்றேன். சொல்ல வாயெடுத்தேன். கொட்டாவியாக முடிந்தது.

ஜூன் 14

பெண் குழந்தை. மாப்பிள்ளை ஆஸ்பத்திரி நடையில் நின்று அழுதார்; நர்ஸ் அவருக்குத்தான் முதலில் நாற்காலி போட்டாள். எனக்கு ஒன்றும் வரவில்லை. எல்லோரும் பிள்ளையைப் பார்க்க, நான் தங்கையின் விரல் கணுக்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன பெரியம்மாவோ.

ஜூலை 19

பிரசவத்துக்குப் பிறகு முதல் குழாய். ஸ்டிக்கர் வந்தது. கோணலாக. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஒட்டியிருப்பாள்.

அப்படித்தான் இருக்கும்.

ஆகஸ்ட் 23

பக்கத்து மேஜைக்குத் தங்கையின் குழாய் வந்தது. அந்த எண் எனக்கு மனப்பாடமாகிவிட்டது. ஸ்டிக்கர் இல்லை.

"மறந்திருப்பாங்க," என்றாள் பக்கத்து மேஜைக்காரி. ஸ்டிக்கரைத் தாளிலிருந்து உரிக்க இரண்டு விரல் சேர்ந்து வேலை செய்யவேண்டும். இயந்திரம் எதுவும் எண்ணுவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

சாப்பிட்டேன். கூட்டத்தில் உட்கார்ந்தேன். ஒரு ஜோக்கும் சொன்னேன். இன்றைக்கென்று பார்த்து எல்லோரும் சிரித்தார்கள்.

ஆகஸ்ட் 24

தங்கை பிள்ளையை முழங்கை மடிப்பில் ஏந்திக்கொண்டு கதவைத் தோளால் திறந்தாள். கணுக்கள் வீங்கியிருந்தன. பிள்ளையின் சட்டை திறந்தே கிடந்தது.

"இது திரும்பும்னு எனக்குத் தெரியும்டீ. முன்னாடியே சொல்லியிருக்கணும்—"

"எனக்கும்தான் தெரியும். மூணாம் மாசமே டாக்டரம்மா சொல்லிட்டாங்க."

"அப்புறம் ஏன்டி அந்தக் கூத்து?"

"முடியறப்பவே திறந்துக்கலாம்னுதான். நீயும் நல்லாத்தானே கைதட்டினே." பிள்ளையை என் மடியில் சரித்தாள். "மாத்திரை ஆரம்பிச்சாச்சு. கேக்குதான்னு பாக்கலாம். இப்போ பொத்தானைப் போட்டுட்டுப் போ, ஆராய்ச்சிக்காரி."

போட்டேன். மூன்றாவது பொத்தானில் அந்தப் பொடிசு என் மூக்கில் உதைத்தது.

வலித்தது. நன்றாகவே.

ஆகஸ்ட் 31

தங்கையும் பிள்ளையும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அடுக்களைக்குப் போனேன். கீழ்த்தட்டு பாட்டில்களை மாப்பிள்ளை ஏற்கெனவே தளர்த்தி வைத்திருந்தார். மனிதர் இதை யாரிடமும் சொல்லவில்லை. மேல்தட்டு அவர் கண்ணில் படவில்லை போலிருக்கிறது. அங்கே இருந்தவை எல்லாம் மார்ச்சில் அவள் மேஜையில் பரப்பி மூடிய மூடிகள். ஒவ்வொன்றாகத் திறந்து, சும்மா மேலே வைத்துவிட்டு வந்தேன்.

கடைசி பாட்டில் எனக்கே வரவில்லை. துணியை வைத்துத் திருப்பிப் பார்த்தேன். ம்ஹூம். அப்படி இறுக்கியிருக்கிறாள், கழுதை.

அதை அப்படியே விட்டுவிட்டேன்.