கண்ணாடிக்கு வெளியே நிற்கும் தூண்

அப்பா, இதில் எல்லாவற்றையும் உள்ளபடியே எழுதப்போகிறேன். எனக்குச் சாதகமானதை மட்டும் எழுதிவிட்டு மிச்சத்தை விடமாட்டேன்.

இன்று காலை நிலவறையில் எங்கள் சாமான் அறையைத் திறந்தபோது உங்கள் நீல வாளி கிடைத்தது. அதற்குள் கண்ணாடி வழிக்கும் ரப்பர் பட்டையும், காய்ந்து விறைத்துப்போன துணியும் இருந்தன. மூடியை எடுத்ததும் எலுமிச்சைச் சவர்க்கார மணம். நீங்கள் வேலையால் வந்து வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போது வரும் அதே மணம். "அதை எறிஞ்சுபோடாதை பிள்ளை" என்றா அம்மா. நான் பட்டையை மட்டும் துடைத்து, புத்தகப் பைக்குள் வைத்துக்கொண்டு ரயிலேறினேன்.

இப்போது நகரத்து நூலகத்தில், யன்னலோரம் இருக்கிறேன். உங்கள் முப்பத்தோராம் நாளுக்கு ஒரு நினைவு மலர் அடிக்கிறார்கள். அதன் முதற்பக்கத்தில் வரும் வாழ்க்கைக் குறிப்பை நான்தான் எழுதவேண்டுமாம். கீழ்மாடி நாதன் மாமா, "நீதானே வடிவா எழுதுவாய். ஃபிளொப்பியிலை போட்டுத் தா" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அண்ணை என்ன வேலையெண்டு போடுறது? அதை நீயே யோசி" என்றார். இரண்டு நாளாக அந்த ஒரு வரியிலேயே நின்றேன். ஏனென்றால் அந்த வரியை ஏற்கெனவே ஒருமுறை சபையில் சொல்லிவிட்டேன்.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு உலகெங்கும் எழுந்த கண்ணாடிக் கோபுரங்களைப் பற்றிய புத்தகமொன்றை இதே நூலகத்தில் எடுத்துவந்து, ஒஸ்லோவில், புருசெத்திலுள்ள எங்கள் வீட்டின் குசினி மேசையில் வைத்து உங்களுக்கு வாசித்துக் காட்டினேன். நீங்களும் அப்படி ஒரு கோபுரத்தில் வேலை செய்தீர்கள் என்பதுதான் காரணம். பழைய கட்டிடங்களில் சுவர் பாரத்தைத் தாங்கும், அதனால் யன்னல்கள் சிறியவை. இவற்றில் உள்ளே இருக்கும் தூண்களும், மின்தூக்கி ஓடும் நடுப்பகுதியும் எல்லாவற்றையும் தாங்கும். கண்ணாடி, மாடிகளின் விளிம்பில் சும்மா தொங்கிக்கொண்டிருக்கும் என்று விளக்கினேன்.

"கண்ணாடி ஒண்டையும் தாங்கேல்லையோ?"

"இல்லையப்பா. யன்னல் திரை மாதிரி."

"அப்ப நான் இவ்வளவு காலமும் திரைச்சீலை துவைச்சிருக்கிறன்" என்று நீங்கள் சொல்ல, அம்மா அடுப்படியில் நின்று சிரித்தா.

அடுத்த பக்கத்தில்தான் அந்தத் தூண் வந்தது. உருக்கு, நெருப்பில் இளகிவிடும். அதனால் தாங்கும் தூண்களைக் கொங்கிறீற்றால் மூடவேண்டும் என்பது விதி. மூடினால் உருக்கு வெளியே தெரியாது. எனவே தண்டவாளம் போன்ற மெல்லிய உருக்குச் சட்டங்களைக் கண்ணாடிக்கு வெளியே, அடியிலிருந்து நுனிவரை தூண்கள்போலப் பொருத்தினார்களாம். அவை ஒரு மாடியையும் தாங்குவதில்லை. வெறும் காட்சிக்கு.

"எங்கடை கட்டிடத்திலையும் அது இருக்கு" என்றீர்கள். "காத்தடிக்கேக்கை கண்ணாடி மூச்சு விடும், பிள்ளை. நடுவிலை கையை வைச்சா உள்ளுக்கும் வெளியிலையும் போய்வரும். அந்தச் சட்டத்துக்குக் கிட்ட வைச்சா அசையாது."

"புத்தகத்திலை அப்படி இல்லை" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைப் புரட்டினேன்.

ஊரில் நீங்கள் வீடுகளுக்குக் கட்டிடப் படம் வரைந்தவர். ஒஸ்லோவில் கூரையிலிருந்து தொங்கும் கூண்டில் நின்று கண்ணாடி துடைத்தீர்கள். எங்கள் ஆட்கள் உங்களை 'எஞ்சினியர்' என்றார்கள். அதைத் தொடங்கிவைத்தது நாதன் மாமாதான். "அந்த உயரக் கட்டிடத்திலை வேலையாம்" என்று கேள்விப்பட்டு அவராகவே வைத்த பெயர். நீங்கள் மறுக்கவில்லை. தமிழ்ப் பள்ளி நடக்கும் மண்டபத்தில் "எஞ்சினியர், இப்பிடி முன்னுக்கு வாங்கோ" என்று யாராவது கூப்பிட்டால், சேர்ட்டை ஒருமுறை இழுத்துவிட்டுக்கொண்டு போவீர்கள்.

அந்த வருடம் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் பேச்சுப் போட்டியில் மற்றப் பிள்ளைகள் ஒற்றுமை, தாய்மொழி என்று பேச, நான் கண்ணாடிக் கோபுரங்களைப் பற்றிப் பேசினேன். முடிந்ததும் நடுவராக இருந்த மாமி ஆசையோடு, "இதெல்லாம் ஆர் பிள்ளை சொல்லித் தந்தது? அப்பாவோ?" என்று கேட்டா.

ஒலிவாங்கி என் கையில் இருந்தது. "நான் புத்தகத்திலை வாசிச்சனான். அப்பா எஞ்சினியர் இல்லை, கண்ணாடி துடைக்கிறவர்" என்றேன்.

சின்னப்பிள்ளை, தெரியாமல் சொன்னேன் என்று இங்கே எழுதலாம். அது உண்மையில்லை. எனக்குத் தெரியும். அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம், கணக்குக் கொப்பியில் பிழையான விடையைப் பார்ப்பதுபோல் எனக்கு உறுத்தும். அதைத் திருத்தவேண்டும் என்று காத்திருந்தேன். திருத்தினேன். மூன்றாம் வரிசையில் இருந்த நீங்கள் குனிந்து உங்கள் சப்பாத்துகளைப் பார்த்தீர்கள். பிறகு எல்லோருக்கும் முதலில் கை தட்டியது நீங்கள்தான்.

வெளியே வரும்போது நாதன் மாமா உங்கள் தோளில் தட்டி, "என்ன, கூண்டு எஞ்சினியரே!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள்.

ரயிலில் என் பரிசுக் கிண்ணத்தை மடியில் வைத்திருந்தீர்கள். "நல்லாக் கதைச்சனி" என்றீர்கள். இரண்டு நிலையம் கழித்துக் கேட்டீர்கள்.

"அந்த வெளித்தூண்களைக் கழட்டினா கட்டிடம் விழுமோ?"

"விழாது."

"பின்னை என்னத்துக்கு வைச்சவை?"

"உள்ளுக்கை தூண் இருக்கெண்டு வெளியிலை காட்ட."

"உள்ளுக்கை உண்மையா இருக்குத்தானே. அப்ப அது பொய்யில்லையே?"

எனக்கு அன்றே விளங்கியது, நீங்கள் கேட்டது கட்டிடத்தைப் பற்றி அல்ல என்று. விளங்கியும், "பொய்தான் அப்பா" என்றேன்.

அதன் பிறகு நீங்கள் மண்டபத்துக்குள் வரவில்லை. சனிக்கிழமைகளில் என்னைக் கூட்டிப்போக வந்தால், பேப்பரோடு ரயில் மேடையிலேயே நிற்பீர்கள். உறைபனியிலும் அங்கேதான். "உள்ளை வந்து இருங்கோவன்" என்று ஒருநாளும் நான் கேட்கவில்லை. மூன்று குளிர்காலம், அப்பா. நான்காவது தொடங்கும்போது உங்கள் நெஞ்சு நின்றுவிட்டது.

அந்த ஒரு வரிக்காக, அந்த வெளித்தூண் பொய்தானா என்று பார்க்க, இன்று மத்தியானம் பொறியியல் புத்தகத் தட்டுகளுக்குப் போனேன். தடித்த புத்தகம், பாதி எனக்கு விளங்காது. ஆனால் அந்தப் பந்தி விளங்கியது. வெளியே பொருத்திய சட்டங்கள் மாடிகளின் பாரத்தைத் தாங்குவதில்லை. ஆனால் காற்று அமுக்கும்போது கண்ணாடி வளைந்துபோகாமல் விறைப்பாகப் பிடிப்பதில் அவற்றுக்கும் பங்கு உண்டு. நீங்கள் உள்ளங்கையால் அறிந்து சொன்னதை, நான் கேட்காமல் பக்கத்தைப் புரட்டினேனே, அது இங்கே அச்சில் இருக்கிறது. வாசித்துக் காட்ட நீங்கள் இல்லை.

இதை எழுதுவதற்கு முன் நாதன் மாமாவுக்கான பக்கத்தை முடித்துவிட்டேன். உங்கள் வேலையைப் பற்றி மூன்று வசனங்கள் இருக்கின்றன. 'ஊரில் வீடுகளுக்குப் படம் வரைந்தார். ஒஸ்லோவில் உயரக் கட்டிடமொன்றின் கண்ணாடிகளை வெளியே தொங்கும் கூண்டில் நின்று துடைத்தார். நாங்கள் எல்லோரும் அவரை எஞ்சினியர் என்று அழைத்தோம்.' மூன்றும் உண்மை. மூன்றாவதில் 'அழைத்தார்கள்' என்று எழுதி, வெட்டிவிட்டு, 'நாங்கள் எல்லோரும் அழைத்தோம்' என்று மாற்றினேன். ஒருநாளும் அப்படி அழைக்காதவள் நான் ஒருத்திதான். இன்றிலிருந்து அதுவும் உண்மையாக இருக்கட்டும்.

வெளியே இருட்டிவிட்டது, நல்ல காற்று. இந்த யன்னலின் நடுவில் கையை வைத்துப் பார்த்தேன், மெல்ல அதிர்கிறது. சட்டத்துக்குக் கிட்ட வைத்தேன், அசையவில்லை. இனி எந்தக் கண்ணாடியைக் கண்டாலும் என் கை இதைத்தான் செய்யும்.

மூடும் நேரம். நூலகப் பெண் ஒவ்வொரு வரிசையாக வருகிறா. இவ்வளவு நேரமும் கண்ணாடியில் என் முகம் மட்டுமே தெரிந்தது. இப்போது அது மறைந்து, கூரைகளுக்கு மேலே உங்கள் கட்டிடம் தெரிகிறது, வெளித்தூண்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாக. உள்ளே விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.