பசையின் மேல் ஓடிய கீறல்கள்

மார்ச் 4, செவ்வாய்

இன்று கூட்டத்தில் நான் சொல்லாமல் விட்டது: அந்தக் கீறல்கள் டைனோசர் தின்றதால் வந்தவை அல்ல.

ஆய்வுக்கூடத் தலைவர் திரையில் பல்லைப் பெரிதாக்கிக் காட்டினார். இருபது கோடி வருடப் பழசு. விளிம்பில் மாமிசம் அறுக்கும் ரம்பம். பக்கவாட்டில் நார்ச்செடி மென்ற கீறல்கள். மாமிசம் தின்ற வம்சம் இலைக்கு மாறியதற்கு இதுவே சாட்சி என்றார். “இதை மொதல்ல கண்டுபிடிச்சது நம்ம ஊமைதான்!” என்று, அதிகம் பேசாத என்னைக் காட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். மூன்று வருடத்தில் இத்தனை முகங்கள் என் பக்கம் திரும்பியதில்லை. சிரித்துவிட்டேன்.

நேற்றுதான் கவனித்தேன். பல்லின் விரிசலைப் பசையால் அடைத்திருக்கிறோம். கீறல்கள் அந்தப் பசையின் மேலும் நிற்காமல் ஓடுகின்றன. எந்த டைனோசர் பசையை மென்றது? வேலைக்குச் சேர்ந்த புதிதில், பல்லில் ஒட்டிய கல்லை மூங்கில் குச்சியால் சுரண்டச் சொன்ன இடத்தில், சீக்கிரம் முடிக்க எஃகு ஊசியை எடுத்தேன். அவை என் கீறல்கள்.

மார்ச் 5

மதியம் கூட வேலை செய்பவர்கள் தங்கள் மேசைக்குச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். போனேன்.

மார்ச் 9, ஞாயிறு

அக்கா போன் செய்தாள். “இருபது கோடி வருஷத்துக்கு முந்தி செத்தது என்ன தின்னுச்சுன்னு சொல்றே. நேத்து நீ என்ன தின்னே, சொல்லு பாப்போம்.”

“ரொட்டி.”

“அதுக்கு முந்தின நாள்?”

“...ரொட்டி.”

விழுந்து விழுந்து சிரித்தாள். அவளிடம் சொல்ல வாயெடுத்தேன். “பேசாம இருடி” என்பாள். அதைக் கேட்கத்தான் சொல்ல நினைத்தேனோ?

கட்டுரை நாளை இதழுக்குப் போகிறது.

மார்ச் 10

சொல்லிட்டேன்.

தலைவர் பல்லை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்.

“யாரு சுத்தம் பண்ணது?”

“நான்தான் சார்.”

“எப்ப தெரிஞ்சுது?”

“போன திங்கக்கிழமை.”

“அப்ப செவ்வாக்கிழமை எதுக்கும்மா சிரிச்சே?”

என்னத்தைச் சொல்றது — கைதட்டினாங்க, நல்லா இருந்துச்சுன்னா?

மார்ச் 12

மேசையில் எனக்கு இடம் விட்டிருந்தார்கள். நான்தான் போகவில்லை.

ஜூன் 19, வியாழன்

மற்ற பற்களை வைத்துக் கட்டுரை வெளிவந்துவிட்டது. அந்த வம்சம் எப்போது இலைக்கு மாறியது என்று இன்னும் தெரியவில்லை என்று தலைவர் எழுதியிருக்கிறார். என் பெயர் இல்லை. திங்கள் முதல் எனக்குப் பதிவேடு எழுதும் பட்டியல் பிரிவில் வேலை.