மிக்ஸி அட்டை

ரமா,

நேற்று சாயங்காலம் வீட்டில் இருந்தவர்கள்: நீ, நான், உன் தம்பி மதி, போனில் கத்திய கிரெடிட் கார்டு வசூல்காரன்.

“கம்மல வெச்சு இந்த மாசம் மினிமம் கட்டிடலாம், உனுக்கு இன்னா பேஜாரு?” என்றாய். மினிமம் வட்டிக்கே போய்விடும், கடன் அசையாது. அடகு வேண்டாம்.

பைக்கை விற்கப் போகிறேன். நைட் ஷிப்டுக்கு பஸ் இல்லையென்று வாங்கியது, ஷிப்டையே விட்டாச்சு. இப்போதைய வேலைக்கு, காசிமேட்டு ஐஸ் ஃபாக்டரிக்கு, நடந்தே போகலாம். வரும் பணத்தில் கார்டு கடன் மொத்தமும் தீரும். அப்புறம் கார்டும் வேண்டாம்.

ஞானதுரை அண்ணாச்சி கடையில் தவணை அட்டை போட்டு மிக்ஸி வாங்கினோமே. நீ ஃபேனும் கேட்டபோது, “அந்த அட்ட முடியட்டும் தங்கச்சி, பொறவு தாரேன்” என்று அனுப்பிவிட்டார். அன்றைக்கு அவரைத் திட்டினேன். அந்தக் கோடை முழுக்க, பகலில் தூங்கிய எனக்கு அந்தத் தவணை அட்டையால்தான் விசிறினாய். அப்போது யாரும் போனில் கத்தவில்லை.

நெத்திலிக் குழம்பு இருக்கிறது. வந்ததும் சூடு பண்ணிச் சாப்பிடு.

ஜெயவேல்

கம்மல் அரிசி டப்பாவில் இருக்கிறது. போட்டுக்கொள்.

இன்னொன்று: உள்ளேயே உட்கார்ந்திருந்தால் மனசு மாறிவிடும் போலிருந்தது. பைக் சாவியோடு வெளியே வந்து, கதவைப் பூட்டிவிட்டுத்தான் (உன்னிடம் வேறு சாவி இருக்கிறதே) இந்த வரியை எழுதிச் சீட்டைக் கதவடியில் உள்ளே தள்ளுகிறேன்.