சின்ன அப்பிள் அச்சாறு

அக்கா,

இன்று காலை வினாகிரி கொதித்த ஆவியில் குசினி ஜன்னலெல்லாம் வேர்த்துவிட்டது. கடுகும் செத்தல் மிளகாயும் அரைத்து வைத்தாயிற்று. நம் தோட்டத்துச் சின்ன அப்பிள்கள் இரண்டு வாளி நிறையக் கழுவிக் கிடக்கின்றன. நீங்கள் இல்லாமல் நான் போடும் முதல் அச்சாறு இது.

ஹனோவரில் தோட்டச் சங்கம் குத்தகைக்குக் கொடுத்த அந்தத் துண்டு நிலத்தை நாம் இருவரும் பங்குக்கு எடுத்த வருடமே நீங்கள் மரத்தை வாங்கி வந்தீர்கள். கன்றில் தொங்கிய சிட்டைப் படத்தில் பழம் உள்ளங்கை அளவு தெரிந்தது. கீழே இருந்த ஜெர்மன் எழுத்தை என்னிடம் வாசிக்கக் கொடுத்திருக்கலாம். உங்களுக்கு அந்தப் பொறுமை ஏது? நான்கு வருடம் மீன் கழுவிய தண்ணீரை மூடி போட்ட வாளியில் டிராமில் கொண்டுபோய் வேருக்கு ஊற்றினீர்கள். பக்கத்தில் இருந்தவர்கள் எழும்பிப் போனார்கள். மரம் வசந்தத்தில் பூத்துத் தள்ளியது. பழம் மட்டும் நெல்லிக்காயைத் தாண்டவில்லை. நான் சிரித்தபோதெல்லாம், "பொறு, அடுத்த வருசம் பெருத்திடும்" என்பீர்கள்.

பிறகு தோட்டச் சங்கத்திலிருந்து பார்வையிட வந்தார்கள். கண்ணாடி போட்ட நெட்டை மனிதர் மரத்தைச் சுற்றி வந்தார். இது அழகுக்கு வைக்கிற அப்பிள், நிலத்தில் குறிப்பிட்ட பங்கு சாப்பிடக்கூடியதாக இருக்க வேண்டும், வெட்டிவிட்டு வேறு வையுங்கள் என்றார். நான் தமிழில் சொன்னதும் உங்கள் முகம் செத்துப்போனது. நானோ தலையாட்டிச் சம்மதிக்கத் தொடங்கியிருந்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கம்.

நீங்கள் நிலத்து மூலையில் சாமான் வைக்கும் கொட்டிலுக்குள் போய் ஒரு போத்தலோடு வந்தீர்கள். பெருக்காத பழத்தை எறிய மனமில்லாமல், எனக்கும் சொல்லாமல் போட்டுவைத்த அச்சாறு.

"வெட்டுறதெண்டா வெட்டட்டும். ஆனா முதல் இதைத் திண்டு பாக்கச் சொல்லு."

அவர் ஒன்று தின்றார். முகம் சிவந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு இரண்டாவதுக்குக் கை நீட்டினார். அடுத்த மாதம் வந்த கடிதத்தில் நம் மரம் பழமரங்களோடு சேர்ந்திருந்தது. அதை நீங்கள் சாமிப்படத்துக்குப் பக்கத்தில் வைத்தபோது நான் சிரிக்கவில்லை. உங்களோடு பங்குக்கு நிலம் எடுத்தவள் நான் என்று அன்றைக்கு வந்த பெருமை இன்னும் குறையவில்லை.

போன கிழமை, பக்கத்து நிலத்துக்குப் புதிதாக வந்த ஜெர்மன்காரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, இது வெறும் அழகு மரம்தானே என்று கேட்டாள். எனக்குச் சுர்ரென்று வந்தது. விதியெல்லாம் விளக்க வாய் திறந்தவள், உங்கள் ஞாபகம் வந்து கொட்டிலுக்குள் போனேன். நீங்கள் கடைசியாகப் போட்ட போத்தலில் நாலு பழம் மிச்சம் இருந்தது. ஒருவருக்கும் கொடுக்காமல், நானும் தொடாமல் வைத்திருந்தேன். மூடியைத் திறந்து அவளிடம் நீட்டினேன்.

நாலையும் தின்றுவிட்டாள், அக்கா. இங்கே கிடக்கும் இரண்டு வாளியில் ஒன்று அவள் வந்து பறித்துத் தந்தது. உங்கள் போத்தலைக் கழுவிக் காயவைத்திருக்கிறேன். அடுப்பை நிறுத்தியதும் முதலில் அதைத்தான் நிரப்பப் போகிறேன்.